பணி ஆணை கொடுத்த பிறகு எதுக்குங்க கருத்துக்கேட்பு?

எங்க ஊர்ல கட்டப் போற பார்க்குக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். வீடியோ வேலூர்ல இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்திட்டு இருக்கு, புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. எந்த ஆபீஸ், யார் மைக் பிடிச்சாங்கன்னு இங்க பேர் போடப் போறதும் இல்ல. ஆனா அந்த வீடியோவுக்குக் கீழ ஒருத்தர், "மக்களைக் கேட்டுத்தானே பார்க் கட்டுறாங்க, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"ன்னு எழுதியிருக்கார். அதுக்கு விழுந்திருக்கிற லைக்கைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியல.

கேட்டுத்தான் கட்டுறாங்களா? கான்ட்ராக்டரை வேலையை ஆரம்பிக்கச் சொல்ற பணி ஆணை போன மாசமே கொடுத்தாச்சு. மதில் சுவருக்கு வானம் தோண்டியாச்சு. ஜல்லி, எம்-சாண்ட் இறக்கியாச்சு. அந்த ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்துலயே ஷாமியானா போட்டு, ஃப்ளெக்ஸ்ல ஒரு கலர் படம் காட்டி, ஆளுக்கு ஒரு சமோசா, ஒரு டீ, ஒரு கையெழுத்து. இதுக்குப் பேரு கருத்துக்கேட்பு. பத்திரிகை அடிச்சு ஊர் பூரா கொடுத்துட்டு, மண்டபத்துல வச்சு பொண்ணுகிட்ட "சம்மதமாம்மா?"ன்னு கேட்கிற கதைதான் இது.

எல்லாரும் சிரிச்ச அந்த இடத்தைத் திரும்பப் பாருங்க. பூ கட்டுற அம்மா எழுந்து, "ஏன் சார், சாயங்காலம் நாலு மணிக்கு நெழலு எந்தப் பக்கம் விழும்?"னு கேட்கிறாங்க. மைக் பிடிச்சவர், "அதெல்லாம் ஆர்க்கிடெக்ட் பார்த்துப்பாரும்மா, நீங்க உட்காருங்க"ன்னு சிரிக்கிறார். கூட்டமும் சேர்ந்து சிரிக்குது.

அந்த மொத்தக் கூட்டத்துல உருப்படியா வந்த கேள்வி அது ஒண்ணுதான். ஏன்னு சொல்றேன்.

அந்த இடம் 40 மீட்டருக்கு 25 மீட்டர். ஏறக்குறைய 25 சென்ட். ஃப்ளெக்ஸ் படத்துல மரம் அத்தனையும் கிழக்கு மதில் ஓரமா வரிசையா நிக்குது. மேற்குப் பக்கம் கேட், பெயர்ப் பலகை, செல்ஃபி பாயின்ட். இப்ப கணக்குப் போடுங்க. கோடையில நம்ம ஊர்ல நாலு மணி வெயில் மேற்கிலிருந்து சாய்வா வரும். 6 மீட்டர் உயர மரத்தோட நிழல் அந்த நேரத்துக்குக் கிழக்கால 8 மீட்டருக்கு மேல நீளும். மரம் கிழக்கு மதில் ஓரத்துல இருந்தா நிழல் முழுக்க மதிலைத் தாண்டி ரோட்டுல விழும். உள்ள இருக்கிற கிரானைட் பெஞ்சுக்கும் இரும்பு சறுக்குமரத்துக்கும் ஒரு பொட்டு நிழல் கிடையாது. அக்னி நட்சத்திரத்துல அந்தச் சறுக்குமரத்துல ஒரு குழந்தையை உட்கார வச்சுப் பார்க்கட்டும், தொடை வெந்துடும். வேம்பு, புங்கன், வாகைன்னு நம்ம மரங்களை மேற்கு ஓரத்துல வச்சு, பெஞ்சையும் விளையாட்டுச் சாமானையும் அதுக்குக் கிழக்கால போட்டா முடிஞ்சுது. செலவு அதேதான். படத்துல இடத்தை மாத்தணும், அவ்வளவுதான். தெருவோரத்துல பூக்கூடையை நிழலுக்கு ஏத்த மாதிரி நகர்த்தி நகர்த்தி வச்சே காலம் ஓட்டின அம்மாவுக்கு இது தெரியுது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன். எஸ்டிமேட் போடுறதுக்கு முன்னாடி கேட்கணும். முன்னாடி.

விவரம் தெரியாதவங்களுக்காக ஃபைல் போற வழியைச் சொல்லிடுறேன். முதல்ல இடத்தைப் பார்த்து ஒரு தோராய மதிப்பீடு. அப்புறம் நிர்வாக அனுமதி. அப்புறம் விரிவான எஸ்டிமேட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி. அப்புறம் டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை. வேலை நடக்க நடக்க எம்-புக்குல, அதாவது அளவுப் புத்தகத்துல, அளவு ஏறும், அதை வச்சு பில். மதிப்பீட்டுக்கு முன்னாடி ஒரு பெஞ்சை நகர்த்தணும்னா ரப்பர் போதும். பணி ஆணைக்குப் பிறகு அதே பெஞ்சை நகர்த்தணும்னா மறு ஒப்புதல், கான்ட்ராக்டர்கிட்ட கெஞ்சல், நாளைக்கு ஆடிட்ல கேள்வி; பொருளோ அளவோ மாறினா திருத்திய மதிப்பீடும் சேர்த்து. எந்த இன்ஜினியரும் தானா அதைத் தொட மாட்டார். அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. அப்ப ஞாயிற்றுக்கிழமை எங்ககிட்ட வாங்கின கருத்தை எந்த ஃபைல்ல சேர்ப்பீங்க? கையெழுத்துத் தாள் மட்டும் பத்திரமா போய்ச் சேர்ந்திருக்கும்.

"சரி, எப்படித்தான் கேட்கணும்?"னு கிண்டலா ஒரு கேள்வி வருது. கிண்டலா கேட்டாலும் பதில் சொல்றேன்.

முதல் வேலை கூட்டம் இல்ல, கணக்கெடுப்பு. ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு. காலை ஆறு, பதினொண்ணு, சாயங்காலம் நாலு, ராத்திரி ஏழு. அந்தந்த நேரத்துல அந்த இடத்துல யார் இருக்காங்க, என்ன செய்றாங்கன்னு நின்னு எழுதணும். மண்ணுல கால் பட்டுத் தேய்ஞ்ச ஒத்தையடிப் பாதை எங்கிருந்து எங்க போகுதுன்னு குறிக்கணும். அந்தப் பாதைக்கு நடுவுல நீங்க வேலி போட்டா ஜனங்க வேலியைத்தான் பிரிப்பாங்க. பதினொண்ணு மணிக்குப் போயிருந்தா ஒண்ணு தெரிஞ்சிருக்கும். மடியில முறத்தை வச்சுக்கிட்டு பீடி சுத்துற பொம்பளைங்க அங்க ஏற்கெனவே நிக்கிற வேப்பமரத்தடியில வட்டமா உட்கார்ந்திருப்பாங்க. வீடு தகரக் கூரை, உள்ள உட்கார முடியாது. புதுப் பார்க் நேரம் என்ன போட்டிருக்கு? காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8. நடுவுல பூட்டு. அவங்க உட்கார்ந்த இடத்தை அவங்களுக்கே பூட்டி வைக்கத்தான் இத்தனை செலவு.

ரெண்டாவது, மக்கள் இருக்கிற இடத்துக்குப் போகணும். ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி, மகளிர் குழுக் கூட்டம், ஆட்டோ ஸ்டாண்டு, ஸ்கூல் விடுற நேரம். செவ்வாய்க்கிழமை காலை பதினொண்ணு மணிக்கு ஏசி ஹாலுக்கு வரச் சொன்னா ரிட்டயர்டு ஆனவங்க நாலு பேரு வருவாங்க, நாலு பேரும் நடைபாதை கேட்பாங்க. சார்ட் பேப்பர்ல 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்னு இடத்தை வரையுங்க. ஊஞ்சல், பெஞ்சு, கழிப்பறை, மரம் எல்லாத்தையும் அதே அளவுக்கு அட்டையில வெட்டிக் கையில கொடுங்க. 40-க்கு 25 தாள் மேல எல்லாத்தையும் வைக்க முடியாதுன்னு அஞ்சு நிமிஷத்துல அவங்களே கண்டுபிடிப்பாங்க. எதை எடுக்கிறதுன்னு சண்டையும் அவங்களே போட்டு முடிப்பாங்க.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, சணல் கயிறு, நாலு மூங்கில் குச்சி. முடிவான பிளானை நிஜ அளவுல தரையில கோடு போடுங்க. ஒரு சாயங்காலம் எல்லாரையும் அதுக்குள்ள நடக்க விடுங்க. பேப்பர்ல 1.2 மீட்டர் நடைபாதை அழகாத்தான் இருக்கும். தரையில ரெண்டு பேர் பேசிக்கிட்டு நடக்க, எதிர்ல ஒருத்தர் வந்தா, ஒருத்தர் புல்லுல இறங்கியே ஆகணும். சக்கர நாற்காலி வந்தா அவ்வளவுதான். 2 மீட்டராவது வேணும். ஊஞ்சலும் அப்படித்தான். மேல் கம்பி உயரம் 2.4 மீட்டர்னா முன்னால 4.8, பின்னால 4.8 காலியா விடணும், ஆகமொத்தம் கிட்டத்தட்ட 10 மீட்டர். ஃப்ளெக்ஸ் படத்துல ஊஞ்சலுக்குப் பின்னால 2 மீட்டர்லயே நடைபாதை ஓடுது. கோட்டுக்குள்ள ஒரு தடவை நடந்து பார்க்கிற எந்த அம்மாவும் "புள்ள மண்டையில அடிபடும்"னு சொல்லிடுவாங்க. ஊஞ்சலுக்கு அடியிலயும் பேவர் பிளாக்தானாம். அங்க ஒரு அடி ஆழத்துக்கு மணல் போடணும், வாரம் ஒரு தடவை கிளறி விடணும். பேவர்ல விழுந்தா கை உடையும். இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல.

கடைசியா ஒண்ணு, யாருமே செய்யாதது. எதைக் கேட்டாங்க, எதை ஏத்துக்கிட்டோம், எதை ஏன் ஏத்துக்கலன்னு எழுதி கேட்ல ஒட்டணும். "கிரிக்கெட் கேட்டீங்க, 25 சென்ட்ல முடியாது"ன்னு நேராச் சொன்னா பசங்க புரிஞ்சுப்பாங்க. எதுவும் சொல்லாம "பந்து விளையாடக் கூடாது"ன்னு போர்டு மாட்டினா, முதல் வாரமே போர்டு மேலதான் பந்து விழும்.

இனி கமென்ட்ல வரப்போறதுக்கு இப்பவே பதில்.

"மார்ச் 31-க்குள்ள பணம் செலவாகலைன்னா திரும்பிப் போயிடும்." இது நியாயமான பயம், ஒத்துக்கிறேன். ஆனா மேல சொன்னதுக்கு மூணு வாரம் போதும். ஒரு வாரம் கணக்கெடுப்பு, ஒரு வாரம் அட்டை, ஒரு வாரம் சுண்ணாம்பு. ஃபைல் மாசக்கணக்கா மேஜையில தூங்கினப்ப வராத அவசரம், ஜனங்களைக் கேட்கணும்னதும் எங்கிருந்து வருது? அதே மூணு வாரத்தை அப்ப எடுத்திருக்கலாமே.

"ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க." சொல்வாங்க. அதுக்குத்தான் அட்டை.

"கழிப்பறை வச்சா நாறும், குடிகாரன் வருவான்." கழிப்பறை இல்லாட்டி குடிகாரன் வரமாட்டானா? சர்க்கரை நோய் இருக்கிற பெரியவங்களும் பொம்பளைங்களும்தான் வரமாட்டாங்க.

"ஃபவுண்டன் வச்சா அழகா இருக்கும்ல?" இருக்கும், திறப்பு விழா அன்னைக்கு. அப்புறம் இலை விழுந்து தண்ணி இழுக்கிற ஃபுட் வால்வு அடைக்கும், மோட்டார் நிக்கும், ரிப்பேருக்கு ஃபண்டு இருக்காது. தண்ணி அப்படியே தேங்கும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். கோடையில குடிக்கவே லாரித் தண்ணிக்கு நிக்கிற தெருவுல ஃபவுண்டன்!

"நீங்க எந்தக் கட்சி?" இதுக்குப் பதில் கிடையாது.

அப்புறம் அந்த இன்னொரு கமென்ட். "ஓசியில பார்க் கிடைக்குது, அதுலயும் நொட்டை சொல்றானுங்க." இதைப் படிச்சப்பதான் நிஜமாவே சுருக்குன்னு பட்டுது. ஓசியா? அந்த இடம் மனைப்பிரிவு போட்டப்ப திறந்தவெளிக்குன்னு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. 2019 கட்டிட விதிகள்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா ரோடு போக மீதியில 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கணும். 10,000-க்கு மேல போனா இடமாத்தான் கொடுக்கணும், பணமாக் கட்டித் தப்பிக்க முடியாது. அந்தப் பத்து சதவீதத்தோட விலையை மனை போட்டவர் தன் பாக்கெட்ல இருந்தா கொடுத்தார்? ஒவ்வொரு மனையோட சதுர அடி விலையிலயும் ஏத்தித்தான் வித்தார். நகையை அடகு வச்சு மனை வாங்கினவங்க ஒவ்வொருத்தரும் அந்தப் பூங்காவுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்காங்க. தங்கள் காசுல வாங்கின இடத்துல நிழல் எங்க விழும்னு கேட்டா உட்காருங்கம்மான்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

பெங்களூர்ல பூங்காவுக்குன்னு ஒதுக்கின இடத்தைத் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தப்ப அந்த ஏரியா ஜனங்கதான் கோர்ட்டுக்குப் போனாங்க. 1991-ல உச்ச நீதிமன்றம், அது செல்லாது, அங்க குடியிருக்கிறவங்களுக்குக் கோர்ட்ல வந்து கேட்கிற உரிமை இருக்குன்னு சொல்லிடுச்சு. நம்ம மாநிலத்துலயே வார்டு கமிட்டிக்கும், அந்தந்த ஏரியா ஜனங்க கூடிப் பேசுற ஏரியா சபைக்கும் 2022-ல விதிகள் வந்து, அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி ஊர் ஊருக்கு ஏரியா சபை கூட்டினாங்க. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துலயும் மக்களைக் கேட்டுத்தான் பிளான் போடணும்னு வழிகாட்டுதல் இருந்துது. 2016-ல பட்டியல்ல நம்ம ஊர் பேர் வந்தப்ப பட்டாசு வெடிச்சோமே, ஞாபகம் இருக்கா? சட்டம் இல்லாம இல்லைங்க. கேட்கிற மனசுதான் இல்ல.

இன்னொண்ணு சொல்லி ஆறுதல் தேடுறாங்க: "கோட்டைப் பார்க் இருக்கே, அங்க போங்க." கோட்டை இருக்கு, அகழி இருக்கு, பெருமைதான். அதுக்காக சத்துவாச்சாரியில இருக்கிற பாட்டி தினம் பஸ் ஏறி கோட்டைக்கு நடக்கப் போகணுமா? பசங்க பாலாத்து மணல்ல ஸ்டம்ப் நட்டு ஆடுறாங்க, அதையும் "இயற்கையான மைதானம்"னு ஒருத்தர் புகழ்ந்து வச்சிருக்கார். பொண்ணுங்க எங்க ஆடுறாங்கன்னு யாராவது கேட்டீங்களா? வயசுக்கு வந்த பொண்ணு சாயங்காலம் ஷட்டில் ஆட இந்த ஊர்ல வீட்டு வாசலை விட்டா இடம் எது? அந்த ஃப்ளெக்ஸ்ல வரைஞ்சிருக்கிற பொம்மை ஜனங்கள்ல ஒரு பொண்ணுகூட விளையாடல. எல்லாம் பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க, இல்லாட்டி குழந்தையைத் தள்ளிட்டு நடக்கிறாங்க.

கோபத்துல எங்கயோ போயிட்டேன். இப்ப செய்யக் கூடியது என்னன்னு பார்ப்போம். இன்னும் மரம் நடல, பேவர் போடல, ஊஞ்சல் இறக்கல. மொத்த மதிப்பீடு கூடாம இடம் மட்டும் மாத்துறது இப்பகூட முடியும். மரத்தை மேற்கால கொண்டு வரணும். ஊஞ்சலுக்கு அடியில பேவருக்குப் பதிலா மணல் போடுறதுக்கும், ஃபவுண்டனை விட்டுட்டு அந்தக் காசை நடைபாதை அகலத்துக்குக் கொடுக்கிறதுக்கும் திருத்திய மதிப்பீடு வேணும், அதையும் எழுத்துல கேட்போம். கூடவே தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு: எஸ்டிமேட், பிளான், பணி ஆணை, எம்-புக் நகல். 30 நாள்ல பதில் வரணும். அந்தச் சட்டத்தோட பிரிவு 2(ஜே)-ல வேலையை நேர்ல ஆய்வு செய்யவும், பொருளுக்கு மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கு. அதையும் மனுவுல சேர்த்து எழுதுங்க, நிறைய பேர் விட்டுடுறாங்க.

வர்ற ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அந்த இடத்துல மதில் ஓரமா சுண்ணாம்புக் கோடு போடப் போறோம். நாலு மணிக்குத்தான், அஞ்சுக்கு இல்ல, நிழலை அளக்கணும். 30 மீட்டர் டேப் இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க. பீடி சுத்துற அக்காங்ககிட்டயும் பூக்கார அம்மாகிட்டயும் சொல்லியாச்சு.