மீண்டு வந்தவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

மனநல நோயாளிகளுக்கான குழு சிகிச்சையில், அந்த நோயைக் கடந்து வந்த ஒருவரும் உட்கார வேண்டும். ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போகும் விருந்தினராக அல்ல. வாராவாரம், சிகிச்சையாளருக்குப் பக்கத்திலேயே.

என் அண்ணன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மருந்தால் அவருக்குக் கை நடுங்கும். கோப்பிக்கடையில் தே-ஓ கோப்பையைத் தூக்கக் கூசி, குடிக்காமலே எழுந்து வந்துவிடுவார். டாக்டர் பக்கவிளைவு என்று பொறுமையாக விளக்கியும் மனசு ஆறவில்லை. குழுவில் ஒரு அக்கா, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு தம்பி. டாக்டர்கிட்ட சொல்லி மருந்தை மாத்திக்கிட்டேன். நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொன்ன பிறகுதான் அடுத்த தடவை டாக்டரிடம் வாய்திறந்து கேட்டார்.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் பேச உட்கார்ந்ததில் பிறந்ததுதான், குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. இன்னொருவரைத் தூக்கிவிடும்போது நாமும் விழாமல் நிற்கிறோம் என்பதுதான் அதன் உயிர். 1937இல் சிகாகோவில் ஏபிரகாம் லோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்காக ஒரு சுயஉதவிக் குழுவைத் தொடங்கினார். பிறகு அதை உறுப்பினர்களே நடத்தினார்கள். ஆக, இது புது யோசனை இல்லை.

ஆனால் குடியிலிருந்து மீள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்த பன்னிரண்டு படிகளையும் அப்படியே தூக்கி வந்து வைக்கக் கூடாது. 'எங்கள் கையில் சக்தியில்லை' என்பது முதல் படி. மனச்சோர்வில் கிடப்பவர் ஏற்கெனவே அதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறார். தன் குறைகளைப் பட்டியல் போடும் நான்காம் படியும் அப்படித்தான். குற்றவுணர்வில் வேகிறவரிடம் அதைக் கேட்பது கொடுமை. இன்றைய நாளை மட்டும் பார்ப்பது, குறுக்கே பேசாமல் கேட்பது, புத்தி சொல்லாமல் தன் அனுபவத்தைச் சொல்வது: இவை போதும். மருந்து விஷயம் மட்டும் டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும்.

இங்கே கேட்டது வெளியே போகாது என்ற விதியை மட்டும் இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் தமிழர்கள் எத்தனை பேர்? தேக்காவில் ஒரு சுற்று சுற்றினால் தெரிந்தவர் நாலு பேர் எதிரே வருவார்கள். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீடாக இருந்தால் பயம் இன்னும் அதிகம். 2016 ஆய்வின்படி இங்கே ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனநலப் பாதிப்பைச் சந்திக்கிறார். அந்தக் கணக்கில் நம் வீடுகளும் உண்டு.

இப்படி நோயைக் கடந்து வந்து மற்றவர்களுக்குத் துணை நிற்கும் சக ஆதரவாளர்களுக்கு இங்கே முறையான பயிற்சி இருக்கிறது. அவர்களில் தமிழில் பேசக்கூடியவர்களை வைத்து, வேலைக்குப் போகிறவர்களும் வர முடிகிற மாலை நேரத்தில், ஒரு தமிழ்க் குழுவை நடத்துங்கள். அவர்களுக்குச் சம்பளமும் கொடுங்கள். தொண்டு என்று சொல்லி வேலை வாங்காதீர்கள்.