அப்பாவின் நோட்டில் ஒரு புனைபெயர்

அப்பா காலமான பிறகு பினாங்கு வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது ஒரு நீளமான கணக்கு நோட்டு கிடைத்தது. உள்ளே கணக்கே இல்லை. பத்திரிகைகளில் வந்த கவிதைகளைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார், பசை பட்ட இடமெல்லாம் பழுப்பேறிப்போய் மறுபக்க எழுத்து தெரிகிறது. அதில் ஒன்று, விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகும் அம்மாவைப் பற்றிப் பதினாறே வரி. ஓரத்தில் அப்பாவின் நீல மையில் 'பொங்கல் 1991'. கவிதைக்குக் கீழே ஒரு புனைபெயர், கூடவே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். அவ்வளவுதான்.

இவர் யார்? இரண்டு வாரமாகத் தேடுகிறேன்.

முதலில் கை போனது முரசு நெடுமாறன் ஐயா தொகுத்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்துக்கு. 1887-ல் சதாசிவ பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதி அச்சானதிலிருந்து நூறாண்டுக் கவிதைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து 1997-ல் வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலை அது, தனி மனிதர் செய்தார். ஆனால் தொகுப்பு 1987-ல் நிற்கிறது. என் கவிஞர் நாலு வருடம் பிந்திவிட்டார்.

கவிஞர்களைப் பற்றிய நூல் நமக்குப் புதிதல்ல. சைமன் காசிச்செட்டி 1859-லேயே புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுதினார், 1886-ல் யாழ்ப்பாணத்து சதாசிவம் பிள்ளை பாவலர் சரித்திர தீபகம் கொண்டுவந்தார். உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பைத் திறந்தால் பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு என்று தனித்தனியாக இருக்கும். 1940-ல் வையாபுரிப் பிள்ளை சங்கப் பாடல்களைப் புலவர் வாரியாகவே அடுக்கிக் கொடுத்தார், ஔவையார் பாட்டெல்லாம் வேண்டுமென்றால் ஒரே இடத்தில் படிக்கலாம். அதற்கும் முன்னால் பாருங்கள், குறுந்தொகை 40-ஆம் பாட்டை எழுதியவரின் பெயர் தொலைந்தபோது 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற அவருடைய உவமையையே எடுத்து செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள். பெயரில்லாமல் விட அவர்களுக்கு மனசு வரவில்லை.

நமக்கு எப்படி வருகிறது?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கவியரங்கம் நடத்துகிறோம், மாலை, பொன்னாடை, விருந்து எல்லாம் உண்டு. அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து 1987-க்குப் பிறகு எழுதியவர்களுக்கு ஓர் அகராதி போட்டால் என்ன? பெரிதாக ஆராய்ச்சி வேண்டாம். இயற்பெயர், புனைபெயர், பிறந்த ஊர், எந்த இதழில் எந்த ஆண்டு எழுதினார், இவ்வளவு போதும். அப்புறம் கடைசியில் புனைபெயர் வரிசையில் ஒரு பட்டியல், கூடவே பாட்டு முதற்குறிப்பு, அதாவது பாட்டுகளின் முதல் வரிகளை அகரவரிசையில் தரும் பட்டியல். இந்த இரண்டும் இல்லாமல் எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் என்னைப் போல் தேடி வருகிறவனுக்கு உதவாது.

அவசரமும் இருக்கிறது. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-ல் நின்றுவிட்டது. தோட்டங்கள் பல தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறிவிட்டன, ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். புனைபெயருக்குப் பின்னால் இருந்தவரைத் தெரிந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். இன்று கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ அத்தையோ புனைபெயரில் எழுதியிருந்தால், அந்தப் பெயரையும் இயற்பெயரையும் தோட்டத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அப்பாவின் நோட்டில் பின்பக்கம் நாற்பது தாள் வெறுமையாக இருக்கிறது, அதிலேயே அகரவரிசையில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.