மின்னல் தீயை எரிய விடலாமா?

"அமெரிக்காவில் மின்னலால் மூண்ட காட்டுத்தீயை அணைப்பதில்லை, வன்னியிலும் விட்டுவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் பாதிதான் சரி. அங்கே சில தீக்களை மட்டும், கண்காணித்தபடி எரிய விடுகிறார்கள். வனச்சேவையும் மாநிலக் காற்றுத்தர அலுவலகமும் சேர்ந்து, காற்று எந்த ஊர்ப்பக்கம் திரும்பும், புகை எவ்வளவு உயரம் எழும் என்று கணிக்கின்றன, பி.எம். 2.5 எனப்படும் புகை நுண்துகளை அளவிடும் கருவிகளையும் ஊர்களில் வைக்கின்றன.

பாலை, வீரை மரங்கள் நிற்கும் நம் வன்னிக் காட்டிலோ தீ பெரும்பாலும் மனிதர் வைத்ததுதான். சோளகக் காற்றில் அது ஓடும். இரவில் நிலம் குளிர்ந்தால் புகை மேலெழாமல் தாழ்ந்த வயல்வெளியிலும் குளக்கட்டோரமும் தேங்கி நிற்கும், வெயில் ஏறித்தான் கலையும். இழுப்புக்காரர் பாடு அதுவரை திண்டாட்டம். ஈரத்துணி சாம்பலை மறிக்கும், நுண்துகளை அல்ல. அதற்கு முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒழுகும். தீயைக் கண்டால் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு, 117இல், உடனே சொல்லுங்கள்.