சாட்சி நேரத்தைத் திரும்பக் கொடுங்கள்

பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் பழைய நாட்களுக்குப் போய்விடும். முழு இரவு ஜெபத்தில் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கியது, மனன வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியது, விடுமுறை வேதாகமப் பள்ளியின் செய்கைப் பாட்டுகள், புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைக் கை நடுங்க எடுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு திறந்து கிடந்து உள்ளே யாரும் இல்லையென்றால் இயேசு வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போகிற இரகசிய வருகை வந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள் என்று நெஞ்சு பதறியது வேறு. இதெல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் நான் உண்மையிலேயே ஏங்குவது ஒன்றுக்குத்தான். சாட்சி நேரம்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது, அதனால் சொல்கிறேன். தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததை விசுவாசி சபை முன்னால் எழுந்து சொல்வதுதான் சாட்சி. பாட்டெல்லாம் முடிந்து, பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் பாஸ்டர் "சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம்" என்பார். அவ்வளவுதான் அறிவிப்பு. பெயர்ப் பட்டியல் கிடையாது, முதல் நாளே போன் பண்ணி ஆள் பிடித்து வைப்பது கிடையாது. யாருக்கு உள்ளே ஏவுதல் வருகிறதோ அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே எழுந்து நிற்பார். சில சமயம் பெண்கள் பக்கம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள், "நீங்க சொல்லுங்க சிஸ்டர்" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் வயதில் மூத்தவர் ஆரம்பிப்பார். யாராவது ரொம்ப நேரம் இழுத்துவிட்டால் பாட்டு நடத்துகிற அண்ணன் மெதுவாக ஒரு பல்லவியை எடுத்துவிடுவார், சபை கைதட்டத் தொடங்கும், அவரும் கோபித்துக்கொள்ளாமல் கைதட்டியபடியே உட்கார்ந்துவிடுவார்.

தொடக்கமும் முடிவும் எல்லாருக்கும் ஒன்றுதான். "சாட்சி சொல்ல கிருபை கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம், பாஸ்டர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்" என்று தொடங்கும். "எனக்காகவும் என் குடும்பத்துக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று முடியும். நடுவில் வருவது அவரவர் வாழ்க்கை. வெளியிலிருந்து வந்து கேட்பவர்களுக்கு இது மனப்பாடமாக ஒப்பிப்பதாகத் தெரிந்திருக்கும். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. பள்ளிக்கூடப் படியையே மிதிக்காத ஒருவர் ஒரு கூட்டத்தின் முன்னால் வாய் திறக்க வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ள முதலில் ஒரு வாக்கியம் வேண்டும். அதைச் சபை அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுக்கம் பாதி போய்விடும், அப்புறம் பேச்சு தானாக வரும்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர். வாரம் முழுக்க அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, "இதைத் துடை, அதைக் கழுவு" என்பதைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நிற்பார். சேலை முந்தானையின் நுனியைச் சுட்டுவிரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடியும் சுற்றுவார். கண்ணை மூடிக்கொள்வார். குரல் உடனே வராது. பின்னாலிருந்து ஒரு பாட்டி "ஸ்தோத்திரம்" என்பார், இன்னொருவர் "சொல்லுமா" என்பார், அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். அவர் கணவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். சாட்சி இதுதான்: "வீட்டுக்காரர் இன்னும் வரலை. ஆனாலும் கர்த்தர் என்னையும் பிள்ளைகளையும் இந்த வாரமும் பட்டினி போடலை. அவர் நல்லவர். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்."

நான் கவுன் போட்ட பிள்ளையாக இருந்தபோதும் இதே சாட்சி. தாவணி போட்டபோதும் இதே சாட்சி. "போன வாரமும் இதைத்தானே சொன்னே" என்று யாரும் கேட்டதில்லை. உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மேல்சாதி, கீழ்சாதி, சம்பளக்காரர், கூலிக்காரர் எல்லாரும் அந்த இரண்டு நிமிஷம் வாய் மூடி அவர் பேச்சைக் கேட்டார்கள், முடிந்ததும் சபை முழுக்க "ஆமென்" என்றது. நாங்கள் ஊர் மாறி வரும்வரைக்கும் அவர் கணவர் திரும்பி வரவில்லை. அது சாட்சியாக இருந்ததற்கு அவர் வந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கு இல்லை.

என் மனத்தாங்கலே இங்குதான். இப்போதும் சாட்சி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. வீடியோவாக இருக்கிறது. பின்னால் கீபோர்டு இசை, கீழே எழுத்து ஓடும், மூன்று நிமிஷத்துக்குள் வெட்டி ஒட்டியிருப்பார்கள். விசா கிடைத்தது, வீடு கட்டி முடித்தோம், ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்தது. கர்த்தர் செய்தார் என்று அவர்கள் சொல்வதை நான் சந்தேகப்படவில்லை, அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் விசா கிடைக்காதவர் எங்கே நின்று பேசுவார்? பத்து வருஷமாகப் பிள்ளைக்காகக் காத்திருக்கிற தம்பதி? குடியை விட்டு மறுபடியும் விழுந்து மறுபடியும் எழுந்த அண்ணன்? ஜெயித்தவர்கள் மட்டும் மைக் பிடிக்கிற சபையில் மற்றவர்கள் ஒவ்வொரு வாரமும் "எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்வியோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த அக்காவின் சாட்சியைக் கேட்டு வளர்ந்த எனக்கு, பதில் வராத ஜெபம் வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை என்பது சின்ன வயதிலேயே தெரிந்திருந்தது. பிற்பாடு என் வாழ்க்கையில் இருட்டு வந்தபோது எந்தப் பிரசங்கமும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த முந்தானை நுனிதான் வந்தது.

பெந்தெகொஸ்தே என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இந்த எழுப்புதல், அதாவது ஆவியானவரால் விசுவாசிகள் புதிதாக உயிர்பெற்று எழும்புகிற இயக்கம், எங்கிருந்து தொடங்கியது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வில்லியம் சீமோர், 1870இல் பிறந்தவர், அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் மகன். ஹூஸ்டனில் சார்லஸ் பர்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளிக்குப் படிக்கப் போனபோது, கறுப்பர் என்பதால் வகுப்புக்குள் உட்கார விடவில்லை, கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் பாடம் கேட்டார். அதே மனிதர் 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், ஒருகாலத்தில் குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில் கூட்டம் நடத்தினார். உயரமான மேடை கிடையாது. மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுதான் பிரசங்க பீடம். அதற்குள் தலையை வைத்து அவர் ஜெபித்துக்கொண்டிருப்பார், கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்வார்கள், பாடுவார்கள். கறுப்பர், வெள்ளையர், பெண்கள், வேலைக்காரர்கள் எல்லாரும். உள்ளே விடப்படாத ஒருவர் தன் கூட்டத்தில் எல்லாரையும் பேசவிட்டார். எனக்கு அந்த எழுப்புதலின் பெரிய அற்புதம் அதுதான்.

அசூசா மட்டும் இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1905இல், புனேக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் வந்தபோது அங்கே இருந்தவர்கள் இளம் விதவைகள், பஞ்சத்தில் அநாதையான பெண்பிள்ளைகள். அதற்கும் முன்னால், 1860இல், நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் எழுந்த எழுப்புதலில் சாதாரண கிராமத்து ஆண்களும் பெண்களும் தாங்கள் படிக்காத அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அசூசாவுக்கு 46 வருஷம் முன்பு! நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு எடுத்துச் சொன்ன, "என் ஆவியை ஊற்றுவேன்" என்ற யோவேல் தீர்க்கதரிசியின் வசனத்திலும் குமாரர், குமாரத்திகளோடு நிற்காமல் ஊழியக்காரர், ஊழியக்காரிகள்வரை வருகிறது. எங்கெல்லாம் ஆவியானவர் இறங்கினாரோ அங்கெல்லாம் முதலில் நடந்தது, அதுவரை பேச அனுமதி இல்லாதவர்கள் பேசியதுதான்.

இப்போது நம் மேடைகளைப் பாருங்கள். நல்ல ஒலிபெருக்கி, நல்ல விளக்கு, நல்ல பாடகர் குழு. எனக்கு அவற்றின்மேல் கோபம் இல்லை, பாட்டு நன்றாக இருந்தால் நானும் கண்ணீர் விட்டு ஆராதிக்கிறவள்தான். ஆனால் கதவில் நுழைந்ததிலிருந்து ஆசீர்வாதம் கூறும்வரை விசுவாசி வாய் திறப்பது பாடுவதற்கும் ஆமென் சொல்வதற்கும் மட்டும்தான் என்றால், அது எந்தப் பெந்தெகொஸ்தே?

சாட்சி நேரம் இன்னொரு காரியமும் செய்தது. யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று சபைக்கு அங்கேதான் தெரியும். ஒருவர் "மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட முடியலை, ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லி உட்கார்வார். திங்கட்கிழமைக்குள் யாரோ ஒருவர் சத்தம் போடாமல் கட்டியிருப்பார். அம்மா ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதே "அந்தப் பாட்டிக்குக் கால் வீக்கம்னு சொன்னாங்களே, செவ்வாய்க்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரணும்" என்று அப்பாவிடம் சொல்வார், போகவும் செய்வார். இன்றைக்கு "பிரைஸ் த லார்ட்" என்று கைகொடுக்கிறோம், பக்கத்து நாற்காலிக்காரர் வேலை போய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்கிறோம்.

பிள்ளைகளுக்கு அது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் முதல்முதலாக எழுந்து நின்றேன். அம்மை போட்டு எழுந்திருந்த நேரம். "இயேசப்பா எனக்குச் சுகம் கொடுத்தார், ஸ்தோத்திரம்" என்றேன், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு அத்தனை பெரியவர்களும் சேர்ந்து "அல்லேலூயா" என்றபோது, நான் பேசினால் கேட்க ஆள் இருக்கிறது என்று உடம்பு முழுக்க ஓர் உறுதி வந்தது. கல்லூரியில், வேலைக்கான நேர்முகத்தில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் ஒரு பெண்ணாக எழுந்து "நான் ஒன்று சொல்லணும்" என்று சொல்லும்போதெல்லாம் அந்த உறுதிதான் என்னை நிற்க வைக்கிறது. எந்தப் பேச்சுப் பயிற்சி வகுப்பும் எனக்கு அதைத் தரவில்லை.

எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து சாப்பிடாமல் விசுவாசத்தில் நின்றேன் என்ற சாட்சிகளைக் கேட்டு, மாத்திரையை நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அது தவறு, அன்றைக்கே யாராவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நகையைக் கழற்றியதையும் சினிமாவை விட்டதையும் பெரிய வெற்றியாகச் சொன்னவர்கள், அதைச் செய்யாதவர்களை ஜாடையாகக் குத்தியதும் உண்டு. மருமகளைப் பற்றிய புகாரை ஜெபக் குறிப்பாகச் சொன்ன மாமியார்களும் உண்டு. பொதுவில் சொல்லக் கூடாத குடும்ப விஷயம் வெளியே வந்து, பதினைந்து வயதுப் பெண்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் மேய்ப்பன் என்று ஒருவர் வேண்டும். மெதுவாகத் திருத்தத் தெரிந்தவர், தேவைப்பட்டால் "போதும்மா, மீதியை நாம தனியாப் பேசுவோம்" என்று சொல்லத் தெரிந்தவர். எங்கள் பழைய பாஸ்டருக்கு அது தெரிந்திருந்தது. சாட்சி நேரத்தையே எடுத்துவிடுவது இதற்கு வழியில்லை.

நேரம் இல்லை என்கிறார்கள். இரண்டு ஆராதனை, மூன்று ஆராதனை, அடுத்த கூட்டம் வாசலில் நிற்கிறது, நேரலை வேறு ஓடுகிறது, யாராவது எதையாவது சொல்லி அது வெளியே போனால் பிரச்சினை. இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, இன்றைய சூழ்நிலையில் அது நியாயமான பயமும்தான். ஆனால் 2020 ஊரடங்கில் ஜெபக்கூட்டம் ஜூமுக்கு மாறியபோது என்ன நடந்தது? சபையில் வருஷக்கணக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்து மைக்கை ஆன் பண்ணச் சொல்லி, ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி சொன்னார்கள். எங்கள் ஜெபக்குழுவில் அதைக் கேட்க நான் தினமும் காத்திருந்தேன். அவர்கள் சொல்ல ஒன்றுமில்லாமல் இத்தனை வருஷம் சும்மா இருக்கவில்லை, கேட்க யாரும் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஊரடங்கு முடிந்தது, கட்டடத்துக்குத் திரும்பினோம், அவர்களும் பின்வரிசைக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஊழியக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுதல் சின்னதுதான். ஞாயிறு ஆராதனையில் முடியாதென்றால் விடுங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரைமணி நேரம் கேமரா வேண்டாம், பதிவு வேண்டாம். பதில் கிடைத்தவர்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்று இல்லை, காத்திருக்கிறவர்களும் பேசலாம் என்பதை நீங்களே உங்கள் வாயால் அறிவியுங்கள். ஆள் வரமாட்டார்கள் என்று என்னிடம் ஒரு பாஸ்டர் சொன்னார். முதல் ஒன்றிரண்டு வாரம் வரமாட்டார்கள்தான், பழக்கம் விட்டுப்போயிற்று இல்லையா. அப்போதும் அந்த அரைமணி நேரத்தை வேறு பாட்டைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். யாராவது ஒரு அம்மா எழுந்து நிற்பார்.