கதையை முழுதாக அனுப்புங்கள்

"சார், ஒரு பொண்ணு ஜன்னல் பக்கத்துல நிக்கிறா, வெளிய மழை. ஃபுல் பேஜ். நாளைக்கு மதியம் வேணும்."

சிறுகதைக்குப் படம் கேட்டு வெளி ஓவியர்களுக்கு வரும் வாட்ஸ்ஆப் செய்தி இப்போதெல்லாம் பெரும்பாலும் இவ்வளவுதான். கதை வராது. கேட்டால் "எடிட்டிங்ல இருக்கு" என்பார்கள். அதனால்தான் எந்த இதழைப் புரட்டினாலும் யாராவது ஒருத்தி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஓவியருக்குக் கற்பனை வறட்சி என்று வாசகர் முடிவு கட்டிவிடுகிறார். என் கட்சி வேறு: முழுக் கதையும் பக்க அளவும் கைக்கு வராமல் வரையப்படும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரம்தான்.

கதையில் "ஓட்டு வீடு" என்று ஒரே ஒரு இடத்தில் வரும். அது நாட்டு ஓடா, மங்களூர் ஓடா? இரண்டும் ஒன்றில்லை. மங்களூர் ஓடு 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் தொழிற்சாலையில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. சோழர் காலத் தொடர்கதைக்கான படத்தில் அந்தத் தட்டை ஓட்டைப் பார்த்தால், வரைந்தவருக்குக் கதைச்சுருக்கம் மட்டும்தான் போயிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். கிணற்றில் இறைப்பது கமலையா ஏற்றமா, புடவை பின்கொசுவமா மடிசாரா, மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதெல்லாம் சுருக்கத்தில் இருக்காது. கதைக்குள்தான் எங்காவது ஒரு அரை வரியில் ஒளிந்திருக்கும்.

கதையை முதல் தடவை வாசகராகப் படிக்க வேண்டும். இரண்டாம் தடவை பென்சிலோடு: காலம், நேரம், வெளிச்சம் வரும் திசை, யார் கையில் என்ன இருக்கிறது என்று அடிக்கோடு போட்டுக்கொண்டு. எந்தக் கணத்தை வரைவது என்ற முடிவு அதற்குப் பிறகுதான். உச்சக்கட்டத்தை வரையக் கூடாது, அதற்குச் சற்று முந்தைய கணமே நல்லது. கடைசிப் பத்தியில்தான் செத்துப்போனார் என்று தெரியவேண்டிய மனிதர், முதல் பக்கப் படத்திலேயே மாலை போட்ட போட்டோவாகத் தொங்கினால் கதை அங்கேயே முடிந்தது. சுருக்கம் மட்டும் கிடைத்த ஓவியர் இதைச் செய்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. சுருக்கத்தில் இருப்பதே அந்த உச்சக்கட்டம்தானே!

தொடர்கதை என்றால் முதல் அத்தியாயத்திலேயே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் போட்டுக்கொள்ள வேண்டும். முகம் முன்னாலிருந்து, பக்கவாட்டில், முக்கால் திருப்பத்தில். உயரம் மற்றவரோடு ஒப்பிட்டு. மச்சம், வகிடு, கைக்கடிகாரம் எந்தப் பக்கம். பத்து வாரம் கழித்து வகிடு மாறினால் ஆசிரியர் குழு கவனிக்காது. வாசகர் கடிதம் வந்துவிடும்.

பக்கம் இடதா வலதா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். இதைக் கேட்காமல் வரைந்தால் நடப்பது இதுதான்: முகம் பக்கத்துக்கு வெளியே பார்க்கிறது என்று வடிவமைப்பாளர் படத்தை அப்படியே புரட்டிப் போட்டுவிடுவார். கதாநாயகியின் முந்தானை வலது தோளுக்குப் போகும். சட்டைப் பித்தான் பக்கம் மாறும். எல்லோரும் இடது கையால் சாப்பிடுவார்கள். ஓவியரின் கையெழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் நிற்கும். இரண்டு பக்கத்துக்குப் பரவும் படம் என்றால் இன்னொரு சிக்கல். ஸ்டேப்ளர் பின் அடித்த வார இதழில் நடுப்பக்கம் மட்டும்தான் ஒரே தாள். மற்ற இடங்களில் எதிரெதிர்ப் பக்கங்கள் வேறு வேறு தாளில் அச்சாகி வந்து சேர்கின்றன, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். மூக்கின் மேல் அந்தக் கோடு விழுந்தால் முகமே கோணல்.

ரஃப் விஷயத்தில் பலரும் சோம்பல்படுகிறார்கள். தீப்பெட்டி அளவில் ஏழெட்டு கிறுக்கல் போட்டு, அதில் மூன்றை மட்டும் அனுப்பி, "இரண்டாவது ஓகே" என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பெரிய படத்தில் கை வைக்க வேண்டும். சின்ன அளவில் நிற்காத படம் பெரிதாக்கினாலும் நிற்காது. தலைப்பு படத்தின் மேல் வருமா என்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும். தமிழ்த் தலைப்பு நீளமாக ஓடும், மேலே புள்ளியும் கீழே சுழியும் வேறு இடம் கேட்கும். அதற்கு மூன்றில் ஒரு பங்கு அமைதியான பரப்பு விட்டுவைக்காவிட்டால் எழுத்து கதாபாத்திரத்தின் நெற்றியில்தான் உட்காரும்.

நாளிதழ் நடுப்பக்கக் கட்டுரைக்கு வரைவது முற்றிலும் வேறு வேலை. மதியம் மூன்று மணிக்குக் கட்டுரை, ஏழு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். நேரமில்லை என்று தலைப்பை மட்டும் போனில் சொன்னால் கிடைப்பது தராசு, சதுரங்கக் காய், கயிற்றில் ஆடும் பொம்மை, பூமி உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள். நிலத்தடி நீர் பற்றிய கட்டுரை என்று சொன்னால் சொட்டுகிற குழாய்தான் வரும். கட்டுரையைப் படித்தால்தான், எழுதியவர் பேசுவது ஆயிரம் அடிக்குப் போய்விட்ட போர்வெல்லைப் பற்றி என்று தெரியும். பக்க அமைப்பும் கையில் இருந்தால், ஒரே பத்தி அகலத்தில் பக்கத்தின் உச்சியிலிருந்து அடிவரை இறங்கும் ஒரு குழாயை வரைந்து, அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் காட்டலாம். ஆழம் எவ்வளவு என்று வாசகரின் கண்ணே இறங்கிப் பார்த்துவிடும். நாலு பத்திக் கட்டம் என்று மொட்டையாகச் சொன்னால் இந்த யோசனை பிறக்கவே பிறக்காது.

மாலையில் விளம்பரம் வந்து நாலு பத்தி மூன்றாகச் சுருங்குவது நாளிதழில் சாதாரணம். அதனால் உருவம் ஒரு லேயரில், பின்புலம் இன்னொன்றில் என்று பிரித்து வைத்து, பின்புலத்தைச் சுற்றிலும் தாராளமாக நீட்டி வரைந்திருந்தால் வெட்டுவது சுலபம். கையெழுத்தை மூலையில் போடாதீர்கள். முதலில் வெட்டுப்படுவது மூலைதான். உருவத்தை ஒட்டியே போடுங்கள்.

இனி காகிதம். படம் திரையில் பளிச்சென்று இருந்து பேப்பரில் சாக்கடையாக வருவதற்குக் காரணம் பிரஸ்காரர் இல்லை, பெரும்பாலும் ஃபைல்தான். திரையில் வரைந்த கறுப்பை போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் அப்படியே அச்சின் நாலு மைக் கணக்கான சிஎம்ஒய்கே-க்கு மாற்றினால் சயான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று உடைகிறது. கூட்டினால் 300 சதவீதம். நியூஸ்பிரிண்ட் என்கிற நாளிதழ்க் காகிதம் தாங்குவது 220 முதல் 240 வரைதான். மிச்ச மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும், பின்பக்கத்துச் செய்தியிலும் நிழலாகத் தெரியும். அதைவிட மோசம், மைக்கு ஒன்றாக இருக்கும் நாலு அச்சுத் தகடும் (பிளேட்) மயிரிழை விலகினால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஓரத்தில் சிவப்பு, நீல வால் முளைக்கும். கோடு கறுப்பு பிளேட்டில் மட்டும் 100 ஆக இருக்க வேண்டும், மற்ற மூன்றும் பூஜ்யம். அதை வண்ணங்களின் மேலேயே அச்சாகும்படி ஓவர்பிரிண்ட் என்று வைத்துவிட்டால் வெள்ளைக் கீற்றும் வராது.

நிறத்தை உண்டாக்கும் மைப் புள்ளி காகிதத்தில் விரிவது அடுத்த தலைவலி. நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சும். 50 சதவீதச் சாம்பல் என்று கொடுத்தது அச்சில் 75-ஐ ஒட்டிப் போய் நிற்கும். இதில் முதல் பலி மாநிற முகங்கள். சயானும் கறுப்பும் கொஞ்சம் கூடினாலும் முகம் சேறாகிவிடும். நிறத்தை மஜெந்தாவிலும் மஞ்சளிலும் கட்டி, சயானை 20-க்குள் நிறுத்தி, ஆழ்ந்த நிழலில் மட்டும் கறுப்பைத் தொட்டால் மாநிறம் மாநிறமாகவே வரும். "முகம் இருட்டா இருக்கு, கொஞ்சம் வெளுப்பா போடுங்க" என்ற கோரிக்கை அச்சுக்குப் பயந்து வருவது பாதி. மீதிப் பாதி எதனால் என்று எல்லோருக்கும் தெரியும்.

படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக்காக எடுத்து அச்சடித்த காலத்தில் ஓவியர் கோபுலு போன்றவர்கள் கோடுகளுக்கு இடையே அவ்வளவு காற்று விட்டு வரைந்ததில் ரசனையோடு கணக்கும் இருக்கிறது. நெருக்கமான கோடுகளுக்கு நடுவே மை அடைத்துக்கொள்ளும். ஆஃப்செட் வந்து அந்தத் தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. அச்சு அளவைப்போல் ஒன்றரை மடங்கில் வரைந்தால் 0.3 மில்லிமீட்டர் பேனாக்கோடு அச்சில் 0.2 ஆகிவிடும். 0.1-க்குக் கீழே போனால் அறுந்து அறுந்துதான் வரும். முடிக்கும் முன் நூறு சதவீத அளவில் மட்டமான தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை.

ரெசல்யூஷன் பற்றி வீண் பயம் வேண்டாம். நாளிதழுக்கு அச்சு அளவில் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) போதும், வார இதழுக்கு 300. வெறும் கறுப்புக் கோட்டுப் படம் மட்டும் 1200-ல் ஸ்கேன் ஆகட்டும், குறைந்தது 600. வாட்ஸ்ஆப்பில் அனுப்பியே ஆக வேண்டுமானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் இத்தனை உழைப்பையும் அது நசுக்கி எடுத்துவிடும்.

தீபாவளி மலருக்குக் கால அவகாசம் உண்டு, காகிதமும் நல்லது. ஆனால் முதுகில் பசை போட்டு ஒட்டும் பைண்டிங். உள்விளிம்பில் பத்து மில்லிமீட்டராவது விழுங்கப்படும், அங்கே கண்ணையோ கையையோ வைக்காதீர்கள். மற்ற மூன்று பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். மலருக்கும் இரண்டு வரிச் சுருக்கம் அனுப்புகிறவர்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது ஏஐ-யில் ஒரு படம் எடுத்து அனுப்பி "இதே மாதிரி" என்கிறார்கள். அதில் கடைப் பலகையில் இருப்பது எந்த மொழியும் இல்லை, மல்லிகைச் சரம் தலைமுடியிலிருந்தே முளைத்திருக்கிறது. அதுவும் இரண்டு வரியிலிருந்து பிறந்த படம்தான், வேறு எப்படி இருக்கும்?

உரிமை விஷயம் யாரும் பேசுவதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்த "வேறு ஒப்பந்தம்" உங்கள் கையில்தான் இருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்ளும் மின்னஞ்சலிலேயே "பதிப்புரிமை ஓவியருக்கு, ஒரு இதழில் ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி, இணையம், புத்தகம், மறுபதிப்புக்குத் தனிச் சன்மானம்" என்று எழுதி, பதிலுக்கு "சரி" வாங்கிவிடுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்படி கேட்டால் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையைக் கொடுத்த பிறகும் படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவில் உங்களிடமே தங்குகிறது. கையெழுத்தை வெட்டினால் பெயரை அச்சில் போடச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

கதை நின்றுபோனால் ரஃப் வரைக்கும் ஆன வேலைக்குப் பாதிச் சன்மானம் என்பதையும் அதே மின்னஞ்சலில் சேருங்கள். நம் இதழ்களில் இது வழக்கமில்லை. கேட்டால் சிரிக்கிறவர்களும் உண்டு, கொடுக்கிறவர்களும் உண்டு. பில்லில் இதழ் தேதி, பக்க எண், கதைத் தலைப்பு மூன்றும் இருக்கட்டும். ஆசிரியர் குழுவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை குறைவு, இந்த மூன்றும் இல்லாத பில் மேஜையிலேயே கிடக்கும். டிடிஎஸ் பிடித்திருந்தால் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமானவரித் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கடைசியில் தேடினால், படம் கேட்ட உதவி ஆசிரியர் அதற்குள் வேறு பத்திரிகைக்குப் போயிருப்பார்.