முன்பக்கம் பச்சை, பின்பக்கம் பொடி எழுத்து

முகத்துக்கு ஒரு கிரீம் வாங்கினேன். பெட்டியின் முன்பக்கம் முழுக்கப் பச்சை. இலைப் படம், "100% இயற்கை", "கெமிக்கல் இல்லை". நான்காம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டியைக் கொண்டு வந்தீங்களா?" கொண்டு போயிருந்தேன். அவர் முன்பக்கத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னால் இருந்த பொடி எழுத்தில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்: லினலூல். லாவெண்டர் எண்ணெயில் தானாகவே இருக்கும் மணப்பொருள். காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில், என் விஷயத்தில் அதுதான் குற்றவாளி என்று உறுதியானது. செடி தந்த பொருள்தான், என் தோலுக்கு ஆகவில்லை.

பல வருடமாக நான் கேட்டுவந்த கேள்வியே தப்பு என்று அன்றுதான் உறைத்தது. "இது இயற்கையா?" என்று கேட்டிருக்கிறேன். "இதில் என்ன இருக்கிறது, எனக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அழகுப் பொருள்களைப் பொறுத்தவரை 'இயற்கை' என்ற சொல்லை வரையறுக்கவே இல்லை. சரி, சதவீதம் போட்டிருந்தால் பின்னால் ஏதோ கணக்கு இருக்குமே என்று நினைப்போம். கணக்கு இருக்கலாம், அது போடப்படும் விதம்தான் வேடிக்கை. ஐஎஸ்ஓ 16128 என்ற சர்வதேச அளவுகோலில் தண்ணீரும் இயற்கைக் கணக்கில் சேரும். லோஷனில் பெரும்பங்கு தண்ணீர்தான். அப்புறம் 90% இயற்கை என்று போடுவதற்கு என்ன கஷ்டம்? அழகுப் பொருள்களுக்குச் சான்றாகத் தரும் காஸ்மாஸ் முத்திரை இதைவிடக் கறார். ஆனால் அதிலும் ஆர்கானிக், நேச்சுரல் என்று இரண்டு உண்டு. நேச்சுரல் முத்திரைக்கு ஆர்கானிக் பொருள் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

பின்பக்கப் பட்டியலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால். 1 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பட்டியலில் போட்டிருக்க மாட்டார்கள். நான் ஃபீனாக்சிஎத்தனாலைத் தேடுவேன். கிரீம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது. ஐரோப்பிய விதிப்படி அந்தப் பதப்படுத்தியை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அந்த விதிக்கு உட்பட்ட பொருளில் அதற்குப் பின்னால் வரும் எதுவும், நிறப்பொருள்கள் தவிர, 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட மூலிகைச் சாறு அதற்கும் பின்னால் ஒளிந்திருந்தால், பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். (தோல் சுருக்கத்துக்குப் போடும் ரெட்டினால் போன்றவை விதிவிலக்கு. மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும்.)

பாரபென் என்ற பதப்படுத்தி வகையின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2004-ல் மார்பகக் கட்டித் திசுக்களில் பாரபென் தென்பட்டதாக ஒரு சிறிய ஆய்வு வந்தது. அதுதான் கட்டிக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் பயம் பற்றிக்கொண்டது. "பாரபென் இல்லை" என்ற ஸ்டிக்கர் எங்கும் முளைத்தது. தண்ணீர் உள்ள கிரீமில் பதப்படுத்தி இல்லாவிட்டால் பாக்டீரியா வளரும், எனவே அந்த இடத்தில் வேறொன்று வந்தாக வேண்டும். பல பொருள்களில் வந்தது மெத்தில்ஐசோதயசோலினோன். அது எத்தனை பேர் தோலைப் பதம் பார்த்தது என்றால், அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013-ல் அதை "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்றே அறிவித்தது. அதே சங்கம் 2019-ல் பாரபெனை "ஆண்டின் ஒவ்வாமையற்ற பொருள்" என்றது! எல்லாப் பாரபெனும் ஒன்றல்ல, ஐரோப்பா சிலவற்றைத் தடை செய்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்குவது எனக்கு இப்போது குழந்தைத்தனமாகப் படுகிறது.

ஷாம்பு நுரைக்கச் சேர்க்கும் சல்ஃபேட் விஷயத்திலும் இதே கூத்துதான். சோடியம் லாரில் சல்ஃபேட் என்றால் முகம் சுளிப்பவர்கள், சோடியம் கோகோ சல்ஃபேட் என்றால் தேங்காய்தானே என்று சிரித்தபடி வாங்குகிறார்கள். இரண்டாவதில் பெரும்பகுதி முதலாவதேதான்.

பார்கோடை ஸ்கேன் செய்து மதிப்பெண் போடும் செயலிகளையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவற்றுக்குப் பொருளின் பெயர் தெரியும், எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாது. என் தோலைப் பற்றிச் சுத்தமாகத் தெரியாது. என் கன்னத்தைச் சிவக்கவைத்த கிரீமுக்கும் செயலி பச்சைதான் காட்டியது.

ஒரு விஷயத்தில் மட்டும் லேபிளும் கைவிடும்: சிவப்பழகு கிரீம்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும் சரக்கு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையே இதைத் தடுக்கச் சொல்கிறது. பட்டியலில் கேலோமெல் என்ற பெயரில் வரலாம், பல நேரம் பட்டியலிலேயே வராது. யார் தயாரித்தார்கள் என்ற முகவரிகூட இல்லாத கிரீம், ஒரே வாரத்தில் வெளுத்துவிடும் என்று சொன்னால், அங்கே லேபிள் படிக்கும் வேலையே வேண்டாம்.

இப்போதெல்லாம் புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பார்த்த பிறகுதான் முகத்துக்கு. என் தங்கை கடையில் நின்றுகொண்டு "இது நல்லதாக்கா?" என்று படம் அனுப்புவாள். எப்போதும் முன்பக்கப் படம்தான். திருப்பி எடு என்றால், "அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேணும்க்கா" என்கிறாள். போட்டோவைப் பெரிதாக்கிப் படிக்க நான் இருக்கிறேன், நீ அனுப்புடி.