ஈலாய் என்ன ஆனான் என்று சொல்லுங்கள்

பழைய கதையை மறந்துவிட்டு, ஸ்டார்கேட் என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் வரிசையை முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 1997 முதல் 2007 வரை பத்து சீசன், 214 எபிசோடு ஓடிய எஸ்ஜி-1 என்ற அதன் முதல் தொடரின் கதையை அழிக்க எப்படி மனசு வரும்? புது நடிகர்கள் வரட்டும், சரி. ஆனால் 2011-இல் யுனிவர்ஸ் என்ற இன்னொரு ஸ்டார்கேட் தொடர் நின்றுபோன இடம் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. விண்கப்பலில் மற்ற எல்லோரும் உறக்கப் பெட்டிகளுக்குள். பழுதான ஒரு பெட்டியைச் சரிசெய்ய இரண்டு வாரம்தான் அவகாசம். அந்தக் குழுவின் இளைஞன் ஈலாய் மட்டும் தனியாக நின்று கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பிழைத்தானா? புதுக் கதையில் ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எஸ்ஜி-1-இல் வரும் ஓநீலின் குறும்புப் பேச்சு, டீல்க் ஒற்றைப் புருவத்தை உயர்த்தும் அழகு... அந்தக் கலகலப்பைத் தொலைத்துவிட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது.